போர்வைக்கு அடியில ஒரு பெட்ஷீட்

லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து ரூம்ல ஒரே கிண்டல். பையை உதறினப்ப ஊசிப் பொட்டலமும் நூல்கண்டும் கீழ விழுந்ததை ஒருத்தன் பார்த்துத் தொலைச்சுட்டான். "என்ன மாப்ள, டிகிரி முடிச்சதும் டெய்லர் கடையா?" அப்படின்னு ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் ஓயலை. ஒருத்தன் சட்டைப் பட்டனையே பிச்சுட்டு வந்து நிக்கிறான். தனித்தனியா பதில் சொல்லி மாளாது. அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். ஆமாம் மக்களே, தைச்சேன். பதினோரு நாள் தைச்சேன். ஒரு போர்வைக்கு அடியில வச்சுத் தைக்க எந்த பெட்ஷீட் ஆகும், எது ஆகாதுங்கிற விஷயத்துல இந்த ஹாஸ்டல்ல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. (பெருமைக்குச் சொல்லலை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான்.)

எங்க ஊர் போடி. போடிநாயக்கனூர்னு முழுசா சொன்னா "அது எங்க இருக்கு?"ம்பாங்க. "மூணாறு போற வழி"ன்னா "ஓ, அதுவா!"ம்பாங்க. வலிக்குது பாஸ். நான் பள்ளிக்கூடம் படிச்ச காலம் பூரா எங்க ஊருக்கு ரயிலே கிடையாது. 1928-ல போட்ட மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தறோம்னு 2010 கடைசியில நிறுத்தினாங்க. மறுபடி போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது 2023 ஜூன்ல. அந்த ரயில்லதான் இந்த டிசம்பர் லீவுக்கு மதுரையில இருந்து ஊருக்குப் போனேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அம்மாச்சி கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு தன்னோட போர்வையைத் தலைகீழா விரிச்சு வச்சுப் பார்த்துட்டு இருந்துச்சு.

"மேலெல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி. அடிதான் போச்சு."

அந்தப் போர்வையைப் பத்திச் சொல்லணும். கடையில வாங்கினது இல்லை. மேல பழைய நூல் சேலைகளைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டுப் போட்டது. எல்லாம் ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் தறிகள்ல நெஞ்ச சேலைங்க. நடுவுல ரெண்டு பழைய வேட்டி. அடியில ஒரு முழுச் சேலையை ரெண்டா வெட்டி, பக்கத்துல பக்கத்துல வச்சு மூட்டி, எல்லாத்தையும் சேர்த்து ரெண்டு விரல்கடை இடைவெளியில வரிவரியா ஓட்டுத்தையல். அம்மாச்சி கையால தைச்சது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்தக் கட்டில்ல கிடக்கு. சின்ன வயசுல நான் அதுக்குள்ள புகுந்து குகை விளையாண்டிருக்கேன்.

போனது எங்கன்னு பார்த்தா, சரியா நடு மூட்டுல. சேலையோட அகலம் 45-ல இருந்து 48 அங்குலத்துக்குள்ளதான் இருக்கும். ஆளை முழுசா மூடுற மாதிரி போர்வை வேணும்னா ரெண்டு பட்டையைச் சேர்த்தே ஆகணும். சேர்த்த இடத்துல வரிசையா ஊசி ஓட்டை. தூங்கறப்ப புரண்டு புரண்டு இழுக்கிற இழுப்பு பூரா அந்த வரிசைக்குத்தான் போகும். அஞ்சு வருஷம் தாங்கும், பத்து வருஷம் தாங்கும், அப்புறம் ஒரு நாள் ராத்திரி 'சர்ர்'னு விடும். அது போக, அந்த மூட்டு தடிப்பா இருக்கிறதால ஒல்லியான ஆளுக்கு விலா எலும்புல உறுத்துமாம். அம்மாச்சி ரொம்ப ஒல்லி.

"மூட்டு இல்லாம ஒரே துணியா அடியில போட்டா?"ன்னு கேட்டேன்.

"அம்புட்டு அகலத்துக்கு சேலைக்கு எங்கிட்டுப் போக?"

சேலைக்குப் போக வேணாமே, பெட்ஷீட்டுக்குப் போனாப் போதுமே! எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சது. டபுள் பெட்ஷீட் 90-க்கு 100 அங்குலம். ஒரே துண்டு. மூட்டே வேண்டாம். ஐன்ஸ்டீன் கூட இப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவிச்சிருக்க மாட்டார் :-)

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். இல்லைன்னா ஒரு போர்வைக்கு இவன் ஏன் இவ்ளோ அலட்டிக்கிறான்னு தோணும்.

அம்மாச்சி இருபத்திரெண்டு வருஷம் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போச்சு. போடி கடல்மட்டத்துல இருந்து சுமார் 350 மீட்டர். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டுக்குப் போனா 1,300 மீட்டருக்கு மேல. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைன்னு உள்ள போகணும். கீழ வேர்த்துக்கிட்டு ஜீப் ஏறுற சனம் மேல போய் நடுங்கிக்கிட்டே இறங்கும். இப்ப மாதிரி விடியக்காலை ஜீப்புல போய் சாயங்காலம் திரும்புறது எல்லாம் பின்னாடி வந்தது. அம்மாச்சி போன முதல் பத்து வருஷம் அங்கயே லைன் வீட்டுல தங்கல். சீசன்ல ரெண்டு மாசம், மூணு மாசம். எங்கம்மாவை இங்க பாட்டி வீட்டுல விட்டுட்டு.

ஏலச்செடியைப் பார்க்காதவங்களுக்காக: காய் உச்சியில காய்க்காது. தூர்ல இருந்து தரையோட தரையா சரம் ஓடும், அந்தச் சரத்துல காய் பிடிக்கும். ஒரே சமயத்துல எல்லாக் காயும் முத்தாது. அதனால முப்பது, நாப்பது நாளைக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, முத்தினதை மட்டும் பார்த்து எடுக்கணும். எல்லாம் குத்த வச்சு, இல்லைன்னா குனிஞ்சு. மேல மர நிழல், கீழ சகதி, நடுவுல மழை. சாக்கை மடிச்சுத் தலையில கவுத்துக்கிற கொங்காணிதான் குடை. ராத்திரி அந்த ஈரத்தோட வந்து படுத்தா குளிர் எலும்புக்குள்ள இறங்கும்னு அம்மாச்சி சொல்லும்.

1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துல 17-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு மாதிரி சாமான்களை முதலாளிங்க தொழிலாளிக்குக் கொடுக்கணும்னு மாநில அரசு விதி போடலாம்னு சொன்ன பிரிவு. (அந்தச் சட்டமே இப்ப 2020-ல நிறைவேத்தின தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு.) கம்பளின்னு சட்டத்துலயே எழுதியிருந்ததைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஆனா 1981-ல திருத்தின கணக்குப்படி, குறைஞ்சது அஞ்சு ஹெக்டேரும் பதினஞ்சு ஆளும் இருந்தாத்தான் அது தானாவே 'தோட்டம்'. ஏல மலையில ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர்னு வச்சிருக்கிறவங்கதான் ஜாஸ்தி. அம்மாச்சிகிட்ட "உனக்குக் கம்பளி குடுத்தாங்களா?"ன்னு கேட்டேன். "சம்பளத்தைக் குடுத்தாங்க, அது பத்தாதா?"ன்னு சிரிச்சுச்சு.

ஆக, போர்வை சொந்தச் செலவு. சொந்தச் செலவுன்னா பழைய சேலை. அந்த லைன் வீட்டு ஈரத்துல ஒட்டிக்கிட்ட இருமல்தான் இன்னிக்கு வரைக்கும் விடலைன்னு எங்கம்மா சொல்லும். டாக்டர் என்ன சொல்லுவாரோ தெரியாது, எங்க வீட்டுல இதுதான் தீர்ப்பு. டிசம்பர் வந்தா மூச்சிரைப்பு கூடும். மலைக்காத்து போடிக்குள்ள இறங்குற ராத்திரிகள்ல அம்மாச்சிக்கு வெயிட்டான கம்பளி ஆகாது, நெஞ்சை அமுக்குதுன்னு தள்ளிவிட்டுரும். லேசா, ஆனா கதகதப்பா, துவைச்சுக் காயப்போடுற மாதிரி இருக்கணும். அதாவது அதோட பழைய போர்வை மாதிரியே இருக்கணும்.

சரி, கொசுவத்தியை அணைச்சாச்சு. பெட்ஷீட்டுக்கு வருவோம்.

மறுநாளே மதுரைக்குப் போன மாமாகிட்ட சொல்லி ஒரு டபுள் பெட்ஷீட் வாங்கிட்டு வரச் சொன்னேன். 450 ரூபா. ரோஜாப்பூ போட்டது. கவர் மேல 'கிளேஸ் காட்டன்'னு எழுதியிருந்தது. பழைய அடித்துணியைப் பிரிச்சு எடுத்துட்டு, இதைக் கீழ விரிச்சு, அம்மாவோட தையல் மிஷின்ல கடகடன்னு ஒரே நாள்ல தைச்சுட்டேன். பார்க்க ஜம்முனு இருந்தது. அம்மாச்சியும் ஒண்ணும் சொல்லலை. பேரன் தைச்சது ஆச்சே.

ராத்திரி மூணு தடவை போர்வை தரையில விழுந்துச்சு. நாலாவது தடவை நான் எடுத்துப் போத்தறப்ப முழிச்சுக்கிட்டு, "இது என்னைய வேணாங்குது சாமி, வழுக்கி வழுக்கி ஓடுது"ன்னு சொல்லுச்சு. கையை வச்சுப் பார்த்தா கழுத்தெல்லாம் வேர்வை. கால் மட்டும் ஜில்லுனு இருக்கு.

காலையில ஓரத்துல இருந்து ரெண்டு நூலை உருவி தீக்குச்சியில காட்டினேன். பருத்தி நூல்னா காகிதம் மாதிரி எரிஞ்சு, தொட்டா உதிர்ற சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கறுப்பா ஒரு கெட்டி உருண்டையா நின்னுச்சு. பாலியஸ்டர். பேருல மட்டும்தான் காட்டன். இந்தத் தீக்குச்சி வேலையைக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி செய்யணும்கிறது முதல் பாடம். (கடைக்காரர் முன்னாடி செய்யாதீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு செய்யுங்க.) பாலியஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, துணியோட துணி பிடிச்சும் நிக்காது. சுவத்துல மாட்டுற போர்வைன்னா பரவாயில்லை. உடம்புல படுறதுக்கு ஆகாது.

ரெண்டாவது தடவை உஷாரா இருந்தேன். அங்கதான் பெரிய தப்பு.

இந்தத் தடவை தேனிக்குப் போய் நானே பார்த்து, தீக்குச்சியும் கொளுத்திப் பார்த்து, அசல் பருத்தியில வாங்கினேன். கவர்ல '300 நூல் எண்ணிக்கை'ன்னு இருந்தது. அதென்னன்னா, ஒரு சதுர அங்குலத்துல பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனைன்னு ரெண்டையும் சேர்த்து எண்ணுறது. முறுக்கின நூல்ல இருக்கிற புரியை எல்லாம் தனித்தனியா எண்ணி ஆயிரம்னு போடுற பிராண்டுகளும் உண்டு. அது வேற பித்தலாட்டம். ஒட்டுப்போர்வை தைக்கிறதுக்குன்னே வெளிநாட்டுல விக்கிற பருத்தித் துணியில ரெண்டும் சேர்ந்து 120, 130 இருந்தாலே போதும். 300-ங்கிறது கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு நெருக்கம். படுக்க வழவழன்னு சுகமா இருக்கும். தைக்கத்தான் முடியாது. நான் மிஷினை விட்டுட்டுக் கையால தைக்க உட்கார்ந்தேன். முதல் நாளே ரெண்டு ஊசி உடைஞ்சது. கட்டைவிரல்ல ரத்தம். நெருக்கமா நெஞ்ச துணியில ஊசி நூலுக்கு நடுவுல வழி கண்டுபிடிச்சுப் போக முடியாது, நூலையே குத்திக் கிழிச்சுட்டுத்தான் போகும். தப்பாத் தைச்சதைப் பிரிச்சா அந்த ஓட்டை அப்படியே நிக்கும். கொசு கடிச்ச முகம் மாதிரி.

நல்லவேளை, தைக்கிறதுக்கு முன்னாடி அம்மாச்சி அந்த ஷீட்டைப் பிடுங்கி ஒரு ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போட்டுருச்சு. காய்ஞ்சதும் அளந்தா 100 அங்குலம் 96 ஆகியிருந்தது. ஏற்கனவே நூறு தடவை துவைச்ச சேலை இனிமே சுருங்காது. அடியில இருக்கிற புதுத்துணி மட்டும் நாலு அங்குலம் சுருங்கினா, மேல இருக்கிறது அப்பளம் பொரிச்ச மாதிரி எழும்பி நிக்கும். இதை நான் எங்கயும் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆள் சாண் போட்டு அளந்து காட்டுச்சு.

அப்ப வந்தார் மாமா, ஒரு ஐடியாவோட. "நடுவுல என்னடா பழைய வேட்டி? ஊரே இலவம்பஞ்சு ஊரு, ரெண்டு கிலோ வாங்கிப் போடு. அந்தக் கெட்டித் துணிக்கு அதுதான் சரி."

அதுல நியாயமும் இருந்தது. போடியில ஏலக்காய்க்கு அடுத்து இலவம்பஞ்சுதான். மெத்தை, தலையணை எல்லாம் வெளியூருக்குப் போகுது. பருத்தி மாதிரி இதை லேசுல நூலா நூற்க முடியாது. இழை குட்டை, வழுக்கும், உள்ள வெத்துக் குழாய். மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதால தண்ணி ஒட்டாது. ரெண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் கப்பல்காரங்களோட உயிர்காக்கும் சட்டைக்குள்ள இதைத்தான் அடைச்சாங்க. இவ்வளவு லேசான, கதகதப்பான பஞ்சு வேற கிடையாது. ஒரே சிக்கல், நெருக்கம் இல்லாத துணிக்குள்ள போட்டா இழை இழையா வெளிய வந்துரும். அதனாலதான் மெத்தைக்குன்னு கெட்டியா கோடு போட்ட தனித்துணி வச்சிருக்காங்க. அந்த வகையில 300 நூல் பெட்ஷீட் அடிக்கு சரியான துணி.

அடிக்குச் சரி. மேல? மேல இருக்கிறது இருபது வருஷம் கட்டித் துவைச்ச சேலைத் துண்டு. அதுல என்ன நெருக்கம் இருக்கும்? இதை யோசிக்காம பஞ்சைப் பிரிச்சு நடுவீட்டுல கொட்டினேன். மின்விசிறி ஓடிட்டு இருந்தது.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். சாயங்காலம் வரைக்கும் தும்மல். ராத்திரி ஒரு மணிக்கு அம்மாச்சியால உட்காரவும் முடியலை, படுக்கவும் முடியலை. உதடு ஒரு மாதிரி நிறம் மாறிடுச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வச்சு, ஊசி போட்டு, விடியற வரைக்கும் வச்சிருந்தாங்க. டாக்டர் என் சட்டையில ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துட்டு, "வீட்டுல என்ன வேலை நடக்குது?"ன்னு கேட்டார். சொன்னேன். திட்டலை. "பஞ்சு, தூசி ரெண்டும் இவங்க பக்கத்துலயே வரக்கூடாது"ன்னு மட்டும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம். அம்மா பேசவே இல்லை. அது அதை விட மோசம்.

வராண்டா பெஞ்சுல உட்கார்ந்து போனைத் தடவிக்கிட்டு இருந்தேன். தூக்கம் வரலை. போர்வையைப் பத்தியே படிச்சேன். வங்காளத்துல காந்தான்னு ஒண்ணு, பஞ்சே கிடையாது. பழைய சேலை, வேட்டியை அடுக்கி, சேலைக் கரையில இருந்து உருவின நூலாலயே தைச்சது. கர்நாடகத்துல சித்தி இனத்துப் பெண்கள் தைக்கிற கவந்தி, அதுக்கு அடித்துணியே ஒரு பழைய சேலைதான். ஓரத்துல ஆரம்பிச்சு உள்பக்கமா சுத்திச் சுத்தித் தைச்சுக்கிட்டே போய் நடுவுல முடிப்பாங்க. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர். பருத்திக் காட்டுல வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் கிழிஞ்ச வேலை உடுப்பை மேல வச்சு, மாவுச் சாக்கு, உரச் சாக்குத் துணியை அடியில வச்சுத் தைச்ச போர்வைகள். குளிருக்குத் தைச்சது. 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துல மாட்டினாங்க, 2006-ல அமெரிக்கத் தபால்தலையில வந்துச்சு. படத்தைப் பார்த்தா எங்க வீட்டுக் கட்டில்ல கிடக்கிற மாதிரியே இருக்கு. ஒருத்தர் கூட அடிக்குன்னு புதுத்துணி வாங்கப் போகலைங்கிறதை நான் கவனிச்சேன். வசதி இல்லாததும் ஒரு காரணம்தான். ஆனா துணி பழகியிருக்கணும். சுருங்குறதெல்லாம் சுருங்கி, சாயம் போறதெல்லாம் போயி, ஊசிக்கு வழி விடுற அளவுக்குத் தளர்ந்திருக்கணும்.

வீட்டுக்கு வந்து மூணு நாள் நான் போர்வைப் பக்கமே போகலை. நாலாவது நாள் அம்மாச்சியே கூப்பிட்டுச்சு. "கட்டிலுக்கு அடியில இருக்கிற டிரங்குப் பெட்டியை இழு."

உள்ள, ஒரு வேட்டியில சுத்தி, ஒரு பெட்ஷீட். சென்னிமலைத் தறித் துணி, பச்சைக் கட்டம். பச்சைன்னு அம்மாச்சி சொல்லித்தான் தெரியும், எனக்கு சாம்பல் நிறமாத்தான் பட்டுச்சு. எங்கம்மா ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப வாங்கினதாம். முப்பது வருஷத்துக்கு மேல. மலைக்குப் போறப்ப எல்லாம் கூடப் போன துணி. போகும்போது அரிசி, சட்டி, மாத்துச் சேலை எல்லாத்தையும் அதுல கட்டினா மூட்டை. போய் அவிழ்த்து விரிச்சா படுக்கை. லைன் வீட்டுல ஒரே ரூம்ல ரெண்டு குடும்பம் இருந்தப்ப குறுக்க கயிறு கட்டித் தொங்கவிட்டா சுவரு. எங்கம்மாவை ஒரு சீசன் மேல கூட்டிட்டுப் போனப்ப அதுலயே தூக்கி முதுகுல கட்டிக்கிட்டு ஏத்தம் ஏறியிருக்கு. ஓரத்துல அங்கங்க கறுப்பா கறை. ஏலக்காய் எடுத்த கையோட கறை, எந்த சோப்புக்கும் போகலை.

"இதையா வெட்டப் போற?"ன்னு எங்கம்மா பதறிட்டாங்க. எனக்குப் புரியலை. அப்புறம்தான் சொன்னாங்க. தான் போறப்ப தன் மேல இதைத்தான் போத்தணும்னு அம்மாச்சி சொல்லி வச்சிருந்துச்சாம். அதுக்காகத்தான் பெட்டிக்குள்ள பத்திரமா இருந்திருக்கு.

நான் அதை மடிச்சு பெட்டிக்குள்ளயே வைக்கப் போனேன். அம்மாச்சி கையைத் தட்டிவிட்டுச்சு.

"செத்தப்பெறகு குளிரவா போகுது? இப்பத்தானடா குளிருது."

அதுக்கு மேல யாரும் பேசலை.

ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தோம். பெட்ஷீட் எப்பவும் நடுவுலதான் தேயும், ஆள் படுக்கிற இடம் அதுதானே. ஓரம் கெட்டியா இருக்கும். இதுவும் அப்படித்தான், நடுவுல ஒரு முழ அகலத்துக்கு வெளிச்சம் சல்லடையா வந்தது. ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு லேசா இழுத்தா கிழியலை, ஆனா யோசிச்சுச்சு. உலகப் போர்க் காலத்துல இங்கிலாந்துல இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. நட்ட நடுவுல வெட்டி, கெட்டியான ஓரங்களைக் கொண்டுவந்து நடுவுல சேர்த்துத் தைச்சு, தேஞ்ச பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிடறது. ஆனா அப்படிப் பண்ணினா நடுவுல மறுபடி மூட்டு! மூட்டு வேண்டாம்னுதானே இவ்வளவு கூத்தும்?

அம்மாச்சி வெட்ட விடலை. ரெண்டு வேட்டியில ஒண்ணை நாலா மடிச்சு, தேஞ்ச இடத்துக்கு நேரா உள்பக்கம் வச்சுச்சு. அந்த இடத்துல மட்டும் ரெண்டு விரல்கடைக்குப் பதிலா ஒரு விரல்கடைக்குத் தையல். துணி தாங்காட்டாலும் தையல் தாங்கும்.

கணக்கும் சரியா வந்தது. ஷீட் வாங்கினப்ப 60-க்கு 90 இருந்திருக்கும், இப்ப 57-க்கு 86. அடித்துணி மேல்துணியை விடச் சுத்தி மூணு அங்குலமாவது பெரிசா இருக்கணும். தைக்கத் தைக்க உள்ள இழுத்துக்கும். அப்ப மேல 51-க்கு 80. அம்மாச்சி உயரம் நாலடி பத்து அங்குலம். போதும், காலுக்கும் மிச்சம். பழைய மேல்துணியில ஓரத்து ஒரு வரிசையை எடுத்துட்டோம்.

தரையில ஷீட்டை விரிச்சு நாலு மூலையிலயும் குழவிக்கல்லு, இட்லிப்பானை, ரெண்டு செங்கல். சுருக்கம் இல்லாம இருக்கணும், ஆனா இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்துத் தைச்சா எடுக்கிறப்ப சுருண்டுக்கும். மேல வேட்டி, அதுக்கு மேல ஒட்டுத்துணி. பெரிய பெரிய தையலா தற்காலிகமா இழை ஓட்டிக்கிட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தைச்சுக்கிட்டுப் போனோம். "அந்த சித்திக்காரங்க ஓரத்துல இருந்துல்ல ஆரம்பிப்பாங்களாம்"னு நான் அறிவாளித்தனமா சொன்னேன். "அவுங்க சித்தி, நான் அம்மாச்சி"ன்னு பதில் வந்தது. :-)

ஊசி வெண்ணெய்க்குள்ள போற மாதிரி போச்சு. சத்தியமா. 300 நூல் துணியில ஒரு தையலுக்குப் பட்ட பாட்டுக்கு, இதுல ஒரே தடவையில நாலு தையல் ஊசியில ஏத்தி இழுக்கலாம். அம்மாச்சிக்கு ஊசிக் காது தெரியாது. காலையில நான் இருபது ஊசியில நூல் கோத்து ஒரு தலையணையில குத்தி வச்சுடுவேன். அது பாட்டுக்கு எடுத்து எடுத்துத் தைக்கும். கண்ணு தெரியாமலே அதோட தையல் எல்லாம் ஒரே அளவு, எறும்பு வரிசை மாதிரி. என்னோடது குடிச்சுட்டு வீட்டுக்குப் போறவன் மாதிரி. எது யாரோடதுன்னு பத்தடி தூரத்துல இருந்தே சொல்லிடலாம். பாதி வழியில மூச்சு வாங்கும். நிறுத்திட்டு சுவத்துல சாஞ்சுக்கும். அப்ப ஏதாவது கதை வரும், ஜீப்பு ரிவர்ஸ்ல போனது, யானை வந்து சமையல் கொட்டகையைப் பிரிச்சது, கூட வேலை பார்த்தவங்க பேரு. பேரு நிறைய வந்தது. பாதிப் பேரு இப்ப இல்லை.

கடைசியில ஓரத்துக்குத் தனித்துணி வைக்கலை. வெளிய நீண்டுக்கிட்டு இருந்த ஷீட்டையே மேல்பக்கமா மடிச்சு எம்மிங் பண்ணிட்டோம். ஷீட்டோட நெசவுக் கரை மத்த இடத்தை விட விறைப்பா இருக்கும், வெட்டிடலாமான்னு கேட்டேன். "முப்பது வருசமா அதுதான் துணியைக் கட்டி வச்சிருக்கு, அதைப் போயி வெட்டுறேங்குற"ன்னு திட்டு விழுந்துச்சு. வெட்டலை.

பதினோராவது நாள் முடிஞ்சது. துவைச்சு மாடியில காயப்போட்டேன். கீழ இருந்து பார்த்தா, மேற்கே மலை, அதுக்கு முன்னாடி கொடியில சக்கம்பட்டிச் சேலை எல்லாம் கலர் கலரா. நான் நூத்துக்கணக்குல போட்டோ எடுத்தேன். ஹாஸ்டல்ல காட்டினப்ப ஒருத்தனும் ரெண்டாவது போட்டோவுக்கு மேல பார்க்கலை, அது வேற விஷயம்.

அன்னிக்கு ராத்திரி அம்மாச்சிக்குப் போத்திவிட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தேன். விழலை, வேர்க்கலை. இருமல் ஒண்ணு ரெண்டு இருந்தது, அவ்வளவுதான். ஆனா போர்வை தலைகீழா கிடந்தது. நாங்க பார்த்துப் பார்த்து ஒட்டின சேலைப் பக்கம் எல்லாம் உள்ள, உடம்போட. சாம்பல் நிறமாப் போன அந்தக் கட்டம் போட்ட பெட்ஷீட், ஏலக்காய்க் கறையோட வெளிய தெரியுது. தூக்கத்துல புரண்டிருக்கும்னு நினைச்சு, எடுத்து நேராப் போட்டேன்.

படக்குன்னு கண்ணைத் தொறந்துச்சு.

"ஏண்டா, திருப்பிப் போடுற? பூச்சேலை வெளிய இருந்தா அழுக்காயிருமுல்ல."

ஊருல இருந்து கிளம்புற வரைக்கும் அப்படித்தான் கிடந்தது. நேத்து போன் பண்ணினப்ப அம்மாகிட்ட கேட்டேன். இன்னமும் அப்படித்தானாம். இப்ப எது அடித்துணி, எது மேல்துணின்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. ரோஜாப்பூ போட்ட அந்தக் கிளேஸ் காட்டன் என் ஹாஸ்டல் கட்டில்ல கிடக்கு. பட்டன் பிஞ்சவன், சட்டையை அது மேல வச்சுட்டுப் போகவும். நாளைக்குத் தைச்சுத் தரேன்.